ஐந்து விளக்கு எரிந்தால் எத்தனை வாட்?

வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபையர். முகப்பில் பத்து எல்இடி விளக்குகள் வரிசையாக: ஏழு பச்சை, இரண்டு மஞ்சள், கடைசியில் ஒரு சிவப்பு. பாட்டு ஓடுகிறது. ஐந்து விளக்குகள் எரிகின்றன. அறை நிறையச் சத்தம். உள்ளேயிருந்து "கொஞ்சம் குறைடா" என்று குரல்கூட வந்துவிட்டது. இந்தக் கணத்தில் ஆம்ப்ளிஃபையர் தன் முழுச் சக்தியில் எத்தனை பங்கை ஸ்பீக்கருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது?

பத்தில் ஐந்து என்றால் பாதி என்றுதான் சொல்லத் தோன்றும். சரியான விடை, ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்கு. முழுதாக முடுக்கினால் 9 வாட் தரக்கூடிய ஆம்ப் என்றால், இப்போது கொடுப்பது கால் வாட்டைவிடச் சற்றே அதிகம். அந்தக் கால் வாட்டுக்குத்தான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

விளக்கு வரிசை பொய் சொல்லவில்லை. காதுக்கு ஏற்றபடி வேண்டுமென்றே வளைக்கப்பட்ட அளவுகோல் அது. ஒரு ஒலிமட்டக் காட்டியைக் கட்ட உட்காரும்போது சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே சில முடிவுகளை எடுத்தாக வேண்டும்: எதை அளப்பது, எந்த இடைவெளியில் காட்டுவது, எவ்வளவு வேகமாக ஏறி எவ்வளவு மெதுவாக இறங்குவது. இந்த முடிவுகளில் ஒன்றைக்கூட மின்சாரம் நமக்காக எடுத்துத் தராது.

கைக்கு அடக்கமான ஒரு சுற்றையே எடுத்துக்கொள்வோம். பெருக்கும் வேலைக்கு டிடிஏ2030: ஐந்து கால்கள் கொண்ட சிறிய சிப், பின்னால் உலோகத் தகடு, சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். பிளஸ் 14, மைனஸ் 14 வோல்ட் கொடுத்தால் 8 ஓம் ஸ்பீக்கரில் சுமார் 9 வாட் தரும். காட்டும் வேலைக்கு எல்எம்3915: பதினெட்டுக் கால்கள், பத்து விளக்குகளை நேரடியாக ஓட்டும். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் கொண்டுவந்த மூன்று உடன்பிறப்புகளில் இது நடுவிலானது. 3914 சம இடைவெளியில் காட்டும். 3915 காதின் கணக்கில் காட்டும். 3916 பழைய வானொலி நிலையங்களின் மீட்டர் அளவுகோலைப் பின்பற்றும். மூன்றிலும் கால்களின் அமைப்பு ஒன்றே. ஒன்றைக் கழற்றி அதே சாக்கெட்டில் இன்னொன்றைச் செருகிப் பார்க்கலாம். அப்படிச் செருகிப் பார்ப்பதே பாதிப் பாடம்.

ஸ்பீக்கர் கம்பியில் வருவது மாறு மின்னழுத்தம். ஆயிரம் ஹெர்ட்ஸ் சுருதி என்றால், அழுத்தம் வினாடிக்கு ஆயிரம் முறை மேலே ஏறி, பூச்சியத்தைக் கடந்து, கீழே இறங்கித் திரும்புகிறது. மல்டிமீட்டரை டிசியில் வைத்துத் தொட்டால் பூச்சியம் காட்டும். மேலே போன அளவு கீழேயும் போவதால் சராசரி ஒன்றுமில்லாமல் போகிறது. அதனால் முதல் வேலை, அலையின் கீழ்ப்பாதியை மேலே மடிப்பது அல்லது வெட்டி எறிவது. இதைச் செய்யும் பகுதிதான் அலைதிருத்தி. அதில் ஒரு சிக்கல் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு, ஒலியின் பருமனுக்கேற்ப ஏறி இறங்கும் ஒற்றைத் திசை மின்னழுத்தம் நம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படிப் பத்து விளக்குகளாக்குவது?

கோயில் தெப்பக்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏற ஏறப் படிகள் ஒவ்வொன்றாக மூழ்கும். எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணினால் நீர்மட்டம் தெரிந்துவிடும். எல்எம்3915-க்குள் பத்துப் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு ஒப்பிடுவான், அதாவது கம்பேரட்டர், உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே கேள்வி: வந்திருக்கும் அழுத்தம் என் படியைவிட உயரமா, இல்லையா? உயரம் என்றால் தன் விளக்கை எரியவிடும். இல்லையென்றால் அணைத்துவிடும். எவ்வளவு உயரம் என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. பத்து 'ஆம்-இல்லை' பதில்களும் சேர்ந்துதான் நம் கண்ணுக்கு நீர்மட்டமாகத் தெரிகின்றன.

படிகளின் உயரத்தை நிர்ணயிப்பது ரெசிஸ்டர்களால் ஆன ஒரு ஏணி. 3914-இல் பத்து ரெசிஸ்டர்களும் ஒரே மதிப்பு, தலா 1 கிலோ ஓம். எல்லாப் படிகளும் சம உயரம். 3915-இன் தரவுத்தாளில் உள்ள படத்தைப் பார்த்தால் விசித்திரமான எண்கள் கிடைக்கும். அடியிலிருந்து மேலே: 1, 0.41, 0.59, 0.83, 1.17, 1.66, 2.34, 3.31, 4.69, 6.63 கிலோ ஓம். ஏதோ கடையில் மிச்சம் கிடந்தவற்றை அள்ளிப் போட்டதுபோல் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அடியிலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 1.41, 2, 2.83, 4, 5.66, 8... இரண்டு படிக்கு ஒருமுறை உயரம் இரட்டிக்கிறது. உச்சிப் படி அடிப்படியைப் போல் 22.6 மடங்கு உயரம். அடியில் படிகள் நெருக்கமாகவும், மேலே போகப் போகத் தாவி ஏற வேண்டிய அளவுக்கு அகன்றும் இருக்கின்றன. கொத்தனார் இப்படிப் படி கட்டினால் ஊர் சும்மா விடாது. காதோ இப்படிக் கட்டப்பட்ட படிகளைத்தான் சமமான படிகள் என்று உணர்கிறது.

இது நமக்கு எப்படித் தெரியும்? கதை காதில் தொடங்கவில்லை, கையில் தொடங்கியது. 1830களில் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஷ் வெபர் என்ற உடலியலாளர் ஆட்களின் கையில் எடைகளைக் கொடுத்து, எது கனம் என்று கேட்டார். இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாடு கைக்குத் தெரிவது கூடுதலாக எத்தனை கிராம் என்பதைப் பொறுத்ததாக இல்லை. அந்தக் கூடுதல், இருக்கும் எடையில் எத்தனை பங்கு என்பதையே பொறுத்திருந்தது. லேசான பொருளோடு சேர்த்தால் உடனே தெரியும் அதே கூடுதல், கனமான பொருளோடு சேர்த்தால் தெரியாமலே போய்விடும். 1860-இல் குஸ்தாவ் ஃபெக்னர் இதை ஒரு விதியாக்கினார்: தூண்டல் மடங்கு மடங்காகப் பெருகும்போது உணர்வு ஒவ்வொரு எட்டாகக் கூடுகிறது. பள்ளியில் மடக்கை வாய்பாட்டைப் பார்த்து மிரண்டவர்கள் நம்மில் பலர். நம் உடம்பு அதைப் பிறந்ததிலிருந்தே ஏறத்தாழப் போட்டுக்கொண்டிருக்கிறது.

காதுக்கு இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் கதி கிடையாது. மனிதக் காது கேட்கும் மிக மெல்லிய ஒலிக்கும் வலி உண்டாக்கும் ஒலிக்கும் இடையே காற்றழுத்த விகிதம் பத்து லட்சம் மடங்கு. சக்தியில் சொன்னால் லட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய வீச்சைச் சம இடைவெளி அளவுகோலில் அடக்க முடியாது.

பொறியாளர்கள் வேறொரு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நீளமான தொலைபேசிக் கம்பியில் பேச்சு எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிட அமெரிக்காவின் பெல் நிறுவனத்தார் முதலில் 'இத்தனை மைல் கேபிள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மைலிலும் ஒலி இத்தனை பங்காகக் குறைகிறது என்பதால் மைல்களைக் கூட்டினால் பங்குகளைப் பெருக்கியதற்குச் சமம். 1920களில் அந்தக் கேபிள் மைல் போய், மடக்கையை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் வந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்த 'பெல்' என்ற அலகின் பத்தில் ஒரு பங்கு அது. சக்தி இரண்டு மடங்கானால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்கானால் 10. நூறு மடங்கானால் 20.

3915-இன் ஒவ்வொரு படியும் 3 டெசிபெல். ஆகவே உச்சியிலிருந்து ஒரு விளக்கு இறங்கினால் சக்தி பாதி, இன்னொன்று இறங்கினால் கால், அடுத்தது அரைக்கால், பிறகு மாகாணி. பத்தாவது விளக்கு 9 வாட் என்றால் ஒன்பதாவது 4.5, எட்டாவது 2.25, ஏழாவது 1.1, ஆறாவது 0.56, ஐந்தாவது 0.28 வாட். முதல் விளக்கு எரிய ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் காதுக்கும் அது முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் கேட்குமா? இல்லை. ஹார்வர்டில் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆட்களை உட்காரவைத்து, 'இந்த ஒலியைவிட இரண்டு மடங்கு பலமாகத் தோன்றும் ஒலியை வைத்துக் காட்டுங்கள்' என்று கேட்டுச் சோதித்தார். ஃபெக்னரின் விதி அப்படியே பொருந்தவில்லை என்பதும் அந்தச் சோதனைகளில் தெரிந்தது. மனிதர்கள் இரு மடங்கு என்று உணர்வதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் கூட வேண்டும். அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். உச்சியிலிருந்து 15 டெசிபெல் கீழே இருக்கும் ஐந்தாவது விளக்கு, காதின் கணக்கில் மூன்றில் ஒரு பங்குச் சத்தம். பாதி எரியும் வரிசை காதுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுகிறது என்று குறை சொல்லலாம். சமபடிச் சிப்போடு ஒப்பிட்டால் அந்தக் குறை ஒன்றுமே இல்லை.

அந்த ஒப்பீட்டுக்குத்தான் 3914-ஐ அதே சாக்கெட்டில் செருகிப் பார்க்கச் சொன்னேன். அதில் முதல் விளக்கு உச்சத்துக்கு 20 டெசிபெல் கீழே, இரண்டாவது 14 கீழே. ஐந்தாவதிலிருந்து பத்தாவது வரையுள்ள ஆறு விளக்குகளும் கடைசி 6 டெசிபெல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். சாதாரணமாக இசையின் சராசரி மட்டம் அதன் உச்சங்களுக்கு 10 முதல் 20 டெசிபெல் கீழேதான் இருக்கும். விளைவு: அடியில் ஒன்றிரண்டு விளக்குகள் மட்டும் சோம்பலாக எரியும், அவ்வப்போது ஒரு அடியில் மொத்த வரிசையும் பளிச்சென்று எரிந்து அணையும். சிப் சரியாகத்தான் அளக்கிறது. பார்ப்பவனுக்குத்தான் மீட்டர் பழுது என்று தோன்றும்.

இப்போது கடினமான கேள்வி. இசையில் எந்த மட்டத்தை அளப்பது? உச்சத்தையா, சராசரியையா?

மேடையில் தவிலும் நாகஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கின்றன. தவிலின் ஒரு அடி சில மில்லிவினாடிகளில் விருட்டென்று உயர்ந்து உடனே சரிகிறது. நாகஸ்வரத்தின் கார்வை அவ்வளவு உயரம் போகாவிட்டாலும் இறங்காமல் நிற்கிறது. காதுக்கு எது பலம்? காது ஒரு ஒலியின் பருமனைத் தீர்மானிக்க வினாடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அதைவிடக் குறுகிய ஒலிகள் தம் உண்மையான உயரத்தைவிட மெல்லியதாகவே கேட்கும். ஆகவே நாகஸ்வரம் பலமாகக் கேட்கலாம். ஆம்ப்ளிஃபையருக்கோ அந்தக் கால அவகாசமெல்லாம் கிடையாது. தவிலின் முனை 12 வோல்ட்டைத் தாண்ட முயன்ற அந்தக் கணமே, மின்வழங்கி கொடுக்க முடிந்ததற்கு மேல் ஏற முடியாமல், அலையின் தலை தட்டையாக வெட்டப்பட்டுவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். ஒரே இசை, காது கேட்கும் கேள்வி ஒன்று, ஆம்ப்ளிஃபையர் கேட்கும் கேள்வி வேறு.

ஒலிபரப்பு உலகம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாக மீட்டர் செய்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் சிபிஎஸ், என்பிசி வானொலி நிறுவனங்களும் சேர்ந்து 1939-இல் வியு மீட்டரை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதன் முள், நிலையான ஒரு சுருதி கிடைத்தால், தன் இடத்தை அடைய 300 மில்லிவினாடி எடுக்கும்படி அமைக்கப்பட்டது. காதுக்குத் தோன்றும் பருமனை ஒட்டி அசையும், பார்க்கக் கண்ணுக்கு இதமாக இருக்கும். தவில் அடியின் முனையை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. உண்மையான உச்சம் முள் காட்டுவதைவிட 10 டெசிபெல்லுக்கு மேலும் இருக்கலாம். இங்கிலாந்தில் பிபிசி அதே பத்தாண்டில் வேறு வழியில் போனது. அவர்களுடைய உச்சக் காட்டி 10 மில்லிவினாடி நீளமுள்ள ஒலியைக்கூடப் பெருமளவு பிடித்துவிடும், பிறகு மிக மெதுவாக இறங்கும். ஒலிபரப்புக் கருவி திணறிவிடக் கூடாது என்பதே அவர்களுடைய கவலை. யார் சரி என்று கேட்பதில் பொருளில்லை. கேள்வி வேறு என்பதால் கருவியும் வேறு. வீட்டில் கட்டும் சிறிய ஆம்புக்கு என்னைக் கேட்டால் பிபிசியின் பக்கம்தான். 9 வாட் ஆம்பில் முதலில் தட்டிப்போவது உச்சங்களே, அவற்றைக் காட்டாத விளக்கு அலங்காரத்துக்கு மட்டும்தான்.

உச்சத்தைப் பிடிக்க, திருத்தப்பட்ட அழுத்தத்தை ஒரு கெப்பாசிட்டரில் சேர்த்துவைக்க வேண்டும். குளம் வேகமாக நிறைய வேண்டும். ஆனால் மெதுவாகக் கசிந்தே வடிய வேண்டும். 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு 220 ஓம் வழியாக அழுத்தத்தை விட்டால் சில மில்லிவினாடிகளில் நிறையும். அதன் குறுக்கே 100 கிலோ ஓம் போட்டால் வடிகால் நேரம் 1 வினாடி என்ற அளவில் இருக்கும். இங்கே எனக்கு மிகப் பிடித்த ஒரு பொருத்தம் இருக்கிறது. கெப்பாசிட்டர் வடிவது ஒரே வேகத்தில் அல்ல. நிறைய இருக்கும்போது வேகமாகவும் குறைந்த பின் மெதுவாகவும் வடியும். ஒவ்வொரு கணமும் இருப்பதில் இத்தனை பங்கு என்பதே அதன் கணக்கு. நம் படிகளும் பங்குக் கணக்கில்தான் கட்டப்பட்டவை. இரண்டும் சேரும்போது வளைவு நேராகிவிடுகிறது: விளக்குகள் ஒரே சீராக, வினாடிக்கு ஏறத்தாழ மூன்று வீதம், மேலிருந்து கீழே அணைந்துகொண்டே வருகின்றன. அதாவது வினாடிக்கு 8.7 டெசிபெல். பிபிசி வகை மீட்டரின் இறக்கம் 2.8 வினாடியில் 24 டெசிபெல் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே வேகம்தான்.

இந்த மெதுவான இறக்கம் கண்ணுக்கும் தேவை. மிகக் குறுகிய மின்னலின் பிரகாசத்தைக் கண் எப்படி மதிப்பிடுகிறது என்று பிரெஞ்சு ஆய்வாளர் பிளோக் 1885-இல் சோதித்தார். ஏறத்தாழ பத்தில் ஒரு வினாடிக்குக் குறைவான மின்னல்களில், ஒளியின் செறிவையும் அது நீடித்த நேரத்தையும் பெருக்கி வரும் தொகையைத்தான் கண் பார்க்கிறது. 5 மில்லிவினாடி மட்டும் எரிந்த எல்இடி நமக்கு மங்கலாகவே தெரியும். கெப்பாசிட்டரே இல்லாமல், அலையை நேரடியாக 3915-இன் உள்ளீட்டில் கொடுக்கவும் முடியும். ஒவ்வொரு அலையோடும் விளக்குகள் ஓடி ஏறி இறங்கும். அப்படிச் செய்தால், ஒரு நேரத்தில் ஒரே விளக்கு எரியும் ஒற்றைப் புள்ளி முறையில், 30 மில்லியாம்பியர் வரை கொடுத்து விளக்கைப் பிரகாசமாக்குங்கள் என்று தயாரிப்பாளரின் தரவுத்தாளே சொல்கிறது. சொல்லப்படும் காரணம் பிரகாசம். பிளோக்கின் கணக்கில் குறைந்த நேரத்தைச் செறிவால் ஈடுகட்டும் வேலைதான் அது.

இனி, தள்ளிவைத்த சிக்கல்: அலைதிருத்தியின் வேலையைச் செய்யும் டையோடு. சாதாரண சிலிக்கான் டையோடு, 1என்4148 போன்றது, சுமார் 0.6 வோல்ட் வந்தால்தான் வாயைத் திறக்கும். ஸ்பீக்கரில் 12 வோல்ட் உச்சம் வரும்போது 0.6 போனால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் முதல் விளக்குக்கு உரிய அழுத்தமே 0.53 வோல்ட்தான்! டையோடு அதை முழுவதுமாக விழுங்கிவிடும். கணக்குப் போட்டால், 27 டெசிபெல் விரிந்திருக்க வேண்டிய வரிசை 21-க்குள் சுருங்கிவிடுகிறது. வீணையின் கடைசி இழையும், பாட்டு முடிந்து தேயும் இடமும் விளக்கில் வராது. மெல்லிய ஒலியைக் காட்டத்தானே மடக்கைப் படிகள் கட்டினோம்? அதன் அடிப்படிகளைக் காவு கொடுத்துவிட்டால் 3915 வாங்கியதற்கே அர்த்தமில்லை.

தீர்வு அழகானது. டையோடை ஒரு ஆப்-ஆம்பின், அதாவது செயல்பாட்டுப் பெருக்கியின், பின்னூட்டச் சுற்றுக்குள் வைத்துவிட வேண்டும். ஆப்-ஆம்ப், டையோடுக்கு அப்பால் வெளியே வருவதையும் உள்ளே வந்ததையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் சமமாகும் வரை தன் வெளியீட்டைத் தள்ளிக்கொண்டே போகிறது. டையோடு கேட்கும் 0.6 வோல்ட்டை அது தன் பங்கிலிருந்து போட்டுக் கொடுத்துவிடுவதால் சில மில்லிவோல்ட் அலைகூட உருமாறாமல் வெளியே வரும். இதற்குத் துல்லியத் திருத்தி என்று பெயர். டிஎல்072 ஒன்று வாங்கினால் உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப். முழு அலையையும் மடித்துத் தரும் திருத்தி ஒன்றைக் கட்ட அது போதும். அரை அலை போதாதா என்றால், குரலும் பல வாத்தியங்களும் மேலே ஒரு உயரமும் கீழே இன்னொரு ஆழமும் கொண்டவை. கீழ்ப்பக்க உச்சம் பெரிதாக இருந்து, நாம் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கிளிப்பிங் கண்ணில் படாமலே நடக்கும்.

கட்டியாயிற்று. அது காட்டுவது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் 8 ஓம், குறைந்தது 10 வாட் தாங்கும் கம்பிச்சுற்று ரெசிஸ்டரைப் போடுங்கள். சூடாகும், தொடாதீர்கள். செல்போனில் சுருதி எழுப்பும் செயலி ஒன்றில் 200 ஹெர்ட்ஸ் சைன் அலையை வைத்து ஆம்புக்குள் கொடுங்கள். ஆயிரம் ஹெர்ட்ஸ் வேண்டாம். விலை மலிந்த மல்டிமீட்டர்கள் பலவும் ஏசியை மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸை மனதில் வைத்தே அளக்கின்றன, சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும். ரெசிஸ்டரின் குறுக்கே ஏசி 8.5 வோல்ட் வரும் வரை ஒலியைக் கூட்டுங்கள். சைன் அலைக்கு அது 12 வோல்ட் உச்சம், 9 வாட். இப்போது மீட்டரின் உள்ளீட்டிலுள்ள பிரீசெட்டை, அதாவது திருகி மாற்றும் ரெசிஸ்டரை, மெல்லத் திருகி, பத்தாவது விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஒலியைக் குறைத்துக்கொண்டே வரும்போது 6.0 வோல்ட்டில் ஒன்பதாவதும், 4.25-இல் எட்டாவதும், 3.0-இல் ஏழாவதும் அணையும் விளிம்பில் இருக்க வேண்டும். அடியில் ஒன்றிரண்டு விளக்குகள் கொஞ்சம் விலகலாம். உள்ளீடு 1.25 வோல்ட் முழு அளவில் இருந்தால் முதல் படி வெறும் 55 மில்லிவோல்ட். ஒப்பிடுவானுக்கே சில மில்லிவோல்ட் பிசகு உண்டு.

கவனித்தீர்களா, இவ்வளவு நேரமும் மீட்டர் அளந்தது வோல்ட்டைத்தான். வாட் என்பது 8 ஓம் என்று நாம் நம்பிச் செய்த கணக்கு. 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர்கூட சில சுருதிகளில் 6 ஓமாகவும், கூம்பு ஒத்ததிர்வு கொள்ளும் இடத்தில் அதைப்போலப் பல மடங்காகவும் நடந்துகொள்ளும். அதனால் முகப்பில் வாட் என்று எழுதி ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். டெசிபெல் எழுதுங்கள், உச்சியில் 0, கீழே மைனஸ் 3, மைனஸ் 6 என்று. தொண்ணூறுகளில் கைப்பெட்டி அளவு ஸ்டீரியோக்களில் ஆயிரக்கணக்கான வாட் பிஎம்பிஓ என்று மினுங்கும் ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அந்த அளவுக்கு உலகில் எங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறையே கிடையாது. சுவர் பிளக் வழியாக அது இழுக்கும் சக்தியைப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. வரிசை முழுவதும் எரியும் பட்டை முறையில் சிப் சூடாகும். 12 வோல்ட்டில் பத்து விளக்குகளும் தலா 20 மில்லியாம்பியர் இழுத்தால் சிப்புக்குள்ளேயே 2 வாட் கரைகிறது. அது தாங்கக்கூடியது 1.4 வாட்டுக்கும் குறைவு. விளக்குகளுக்கு மட்டும் தனியாக 5 வோல்ட் கொடுத்தால் தீர்ந்தது. மீட்டரின் தரைக்கம்பியை ஆம்பின் உள்ளீட்டுத் தரையோடு சேர்க்கக் கூடாது. விளக்குகள் எரிந்தணையும் துடிப்புகள் அந்த வழியாக உள்ளே புகுந்து ஸ்பீக்கரில் கரகரக்கும். நேராக மின்வழங்கியின் பெரிய கெப்பாசிட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். விளக்குக்கான மின்வழிக்கும் தரைக்கும் இடையே சிப்பின் பக்கத்திலேயே 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் வேண்டும். இன்னொரு எச்சரிக்கை, நம்மூரில் பிரபலமான 4440 ஆம்ப்ளிஃபையர் போர்டு வைத்திருப்பவர்களுக்கு. அதை பிரிட்ஜ் முறையில் கட்டியிருந்தால் ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளில் எதுவுமே தரையல்ல. ஒன்றைத் தரை என்று நினைத்து மீட்டரை இணைத்தால் சிப் போய்விடும்.

ஒரு வரிசை வேலை செய்யத் தொடங்கியபின் அதன் கீழேயே இரண்டாவது வரிசை ஒன்றையும் கட்டிப் பாருங்கள் என்பேன். அதே திருத்தி, அதே சிப். கெப்பாசிட்டர் மட்டும் நிறைவதற்கும் வடிவதற்கும் ஒரே ரெசிஸ்டர் வழியாக, வினாடியில் பத்தில் மூன்று பங்கு என்ற கணக்கில் மெதுவாக நடந்துகொள்ளட்டும். மேல் வரிசை பிபிசி, கீழ் வரிசை வியு. இரண்டும் முதலில் ஒரே சைன் அலைக்கு ஒரே எண்ணிக்கையில் எரியும்படி பிரீசெட்டைத் திருகிக்கொள்ள வேண்டும். சைன் அலையின் உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வேறுபாடு அதில் கழிந்துவிடும். அதன்பின் இரண்டு வரிசைகளுக்கும் இடையே தெரியும் வித்தியாசமெல்லாம் இசையினுடையது.

மிருதங்கத் தனியாவர்த்தனம் ஒன்றை, அதிகம் அழுத்தாமல் பதிவுசெய்ததாகப் பார்த்து, வையுங்கள். மேல் வரிசை சிவப்பைத் தொடும்போது கீழ் வரிசை நான்கைந்து விளக்குகள் பின்தங்கி நிற்கும். பிறகு அண்மைக்கால சினிமாப் பாட்டு ஒன்று. மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று உச்சங்களையெல்லாம் நசுக்கி அடர்த்தியாக்கிய ரகம். இரண்டு வரிசைகளும் ஏறத்தாழத் தோளோடு தோள் நின்று அசையாமல் எரியும். ஒலியின் பருமனைக் காதின் கணக்கில் அளக்கப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பிஎஸ் 1770 என்ற அளவீட்டு முறையை வெளியிட்டது. அது உச்சத்தையும் நம்பவில்லை, எளிய சராசரியையும் நம்பவில்லை; ஒலியை முதலில் காதின் உணர்திறனுக்கேற்ப வடிகட்டி, பிறகு அதன் சக்தியைச் சராசரி எடுக்கிறது. அந்த வடிகட்டியை மூன்றாவது வரிசையாகக் கட்ட இன்னும் இரண்டு ஆப்-ஆம்ப் போதும்.